பதினேழாவது சில்லு

கடைசி ரயில் போகும்வரை வேலை ஓடாது.
ஒன்-நார்த் நிலையத்தில் அது நின்று கிளம்பும்போதெல்லாம்
பக்கத்துக் கட்டட அடித்தளத்தில்
எங்கள் மேசைக்கு ஒரு மைக்ரான் நடுக்கம்.
காற்றில் மிதக்கும் மேசை என்றுதான் விற்றார்கள்.

ஒரு மைக்ரான் என்றால் சிரிப்பீர்கள்.
தலைமுடியை எழுபதாய் வகிர்ந்தால் அதில் ஒன்று.
என் ஒளிவழியின் அகலமே அவ்வளவுதான்.
நடுங்கினால் இழையின் முனை வாசலைத் தவறவிடும்,
வந்த ஒளி வெளியே நிற்கும்
சாவி தொலைத்த வாடகைக்காரன் மாதிரி.

காத்திருக்கிறோம்.
சியூ யன் கோப்பி-ஓ கோசோங்கைப்
பையிலிருந்தே உறிஞ்சுகிறாள்,
கதவுக்கு வெளியே, கண்டிப்பாக வெளியே.

பதினாறு சில்லுகள் முடிந்துவிட்டன.
ஒவ்வொன்றிலும் சிலிக்கான் நைட்ரைடில்
ஒரு மீட்டர் பாதை,
சுண்டுவிரல் நகத்துக்குள் சுருண்டு படுத்திருக்கும்.
கொசுவர்த்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள்.
மேலிருந்து அகச்சிவப்புக் கேமரா பார்க்கையில்
திரையில் அது வெள்ளையாய் எரியும்.
பார்க்க வந்தவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள்.
போன மாதக் குழுவில் ஒருவர்
தேக்காவில் தீபாவளி விளக்குப் போட்டதுபோல் என்றார்.
தலையாட்டினேன்.
எரிவது அத்தனையும் கசிவு என்று
அவரிடம் சொல்லவில்லை.
சுவரின் சொரசொரப்பில் கால் இடறி
வழியைவிட்டுத் தெறித்த ஒளி அது.
வழியோடு போவது யார் கண்ணிலும் படாது.

பதினேழை ரொஹாயு கொண்டுவந்தாள்.
ஆயிரத்து நூறு பாகையில் இரண்டு முறை சுட்டு
உள்ளே ஒளிந்திருந்த ஹைட்ரஜனை விரட்டியிருந்தாள்.
மஞ்சள் அறையிலிருந்து முகமூடியோடு வந்தவள்
கண்ணால் மட்டும் சொன்னாள்:
இது கடைசி. அடுத்த வாரம் உலை வேறு குழுவுக்கு.

பன்னிரண்டு கடந்து ஒன்பது நிமிடம்.
தண்டவாளம் ஓய்ந்தது, மேசை அமர்ந்தது.
இழையை நகர்த்தினேன்,
இருபது நானோமீட்டர், இன்னும் இருபது.
லேசரைத் திறந்தேன்.

கறுப்பு.

கேமராவின் மூடி கழற்றியிருக்கிறதா என்று
எட்டிப் பார்த்தாள் சியூ யன்.
கழற்றித்தான் இருந்தது.
உணர்திறனைக் கூட்டினேன்.
கறுப்பு புள்ளி புள்ளியாகக் கொதித்தது, வேறொன்றுமில்லை.
உடைந்திருக்கும். வளைவில் எங்கோ விரிசல்.
ரொஹாயுவிடம் சொல்ல ஒரு வாக்கியம்
கோக்கத் தொடங்கினேன்,
எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில்.

பேனா தேடித் திரும்பிய சியூ யன்
மறுமுனையில் இருந்த மானியைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல் என் சட்டையை இழுத்தாள்.

உள்ளே விட்டது
ஏறக்குறைய அப்படியே வந்து சேர்ந்திருந்தது.
ஒரு மீட்டர், நூற்றுச் சொச்சம் வளைவு,
எதிலும் உரசாமல்,
வருகிறேன் என்று யாருக்கும் காட்டாமல்.

தொடக்கநிலை ஐந்தில் ஒரு பயிற்சித்தாள்.
ஒளி: பெயராய் நின்றால் வெளிச்சம்,
ஏவலாய் நின்றால் மறைந்துகொள்.
இரண்டாவதை அச்சுப்பிழை என்று
சிவப்பில் அடித்து வைத்தவள் நான்.

இரண்டு மணிக்கு வாடகைக் காரில் வீடு.
பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கிகளின் சிவப்புப் புள்ளிகள்,
வீவக தாழ்வாரங்களில் வரிசை வரிசையாய்க் குழல்விளக்கு,
ஈரச் சாலையில் எல்லாமே இன்னொரு முறை.
கண்ணில் பட்டதெல்லாம் எங்கோ இடறித் தெறித்தவை.
பட்டால்தான் என்ன,
அவை இல்லாமல் என் வீட்டுச் சாவித்துவாரம்
எனக்கே தெரியாது.

காலையில் நிதியறிக்கைப் படிவம்.
படம் மூன்றை இணைக்கவும் என்றது.
பதினேழை இணைத்தேன், கறுப்புச் செவ்வகம்.
அச்சில் மை வீணாகுமே என்றாள் சியூ யன்.
கீழே பட விளக்கம், இருபது சொல்லுக்குள்.

ஒரே சொல்லில் முடித்திருப்பேன்.
படிவம் ஆங்கிலத்தில் கேட்கிறது.